உதட்டுப் பேச்சு

மேலாளர் கண்ணாடி அறையின் கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்த்து, தறியில் நின்ற அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மனிதர் லண்டன்காரர். மான்செஸ்டருக்குப் புதுசு. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

இந்த ஆலையில் காதுக்கு வேலையே கிடையாது. அத்தனை தறிகளும் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வம்பு, கேலி, புருஷன் கதை எல்லாம் சத்தமே இல்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும்.

உள்ளே ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அறுந்த நூலை முடிந்துகொண்டே அவர் உதட்டைப் படித்தாள்.

நேற்று விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டு. காலையில் வெடித்துவிட்டது. ஹில்டாவின் தெரு. ஹில்டாவின் மகள். ஆஸ்பத்திரியில் உயிர் இருக்கிறது. சாயங்காலம் வரை தாங்குவது சந்தேகமாம்.

பிறகு மேலாளரின் உதடு.

"ஷிஃப்ட் முடியட்டும் சார். இப்பச் சொன்னா தறி நின்னுடும். பாராசூட் துணி இது."



ஹில்டா பக்கத்துத் தறியில்தான் இருந்தாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ நினைத்துப் புன்னகைத்தபடி. தன்னையே இவள் பார்ப்பதைக் கண்டதும் உதட்டை அசைத்தாள்.

"என்னடி அப்படிப் பாக்குறே?"

இவள் வாயைத் திறந்தாள். உதடு அசையவில்லை. ஊர் வம்பையெல்லாம் பேசிய உதடுதான்.

யுத்த காலம். தறியை நிறுத்தினால் கோர்ட்டில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

பிடியை இழுத்தாள். தறி நின்றது.

எதிர் வரிசையில் இன்னொன்று நின்றது. அதன் பின்னால் ஒன்று. பிறகு வரிசை வரிசையாக. கண்ணாடியைப் பார்த்து நின்ற அத்தனை பேரும் படித்திருந்தார்கள்.

கடைசியாக ஹில்டாவும் ஒன்றும் புரியாமல் தன் தறியை நிறுத்தினாள்.

கூரையில் மழை பெய்வது கேட்டது.

"ஹில்டா, பாப்பா ஆஸ்பத்திரியில இருக்கா. உயிர் இருக்குடி. ஓடு" என்றாள் இவள்.

ஹில்டா கோட்டைக்கூட எடுக்கவில்லை. ஓடினாள். போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

மேலாளர் வெளியே வந்தார்.

"யார் சொன்னது? யாருன்னு கேக்குறேன்!"

அவள் தன் தறியை ஓடவிட்டாள். ஹில்டாவின் தறியையும் ஓடவிட்டாள். எல்லோரும் ஓடவிட்டார்கள். தரை அதிர்ந்தது.

அவர் கழுத்து நரம்பு புடைக்க என்னவோ பேசிக்கொண்டே இருந்தார்.

ஒருத்தியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.