அதிபர் கைப்பட எழுதியது

"கையெழுத்து வெச்சிட்டுப் புள்ளயக் கூட்டிட்டுப் போங்கம்மா. விடுகைப் பத்திரம் ரெடி."

பள்ளிக்கூட அதிபர் சிவலிங்கம் காகிதத்தை மேசைமேல் தள்ளினார். சுந்தரம்மா அதைத் தொடவில்லை. மிளகுத் தோட்டத்தில் கங்காணியிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மகள் சர்மிளா, எட்டாம் தரம், கதவோரம் நின்று ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என் புள்ள அப்பிடி என்ன சேர் செஞ்சிட்டா?"

"என்ன செய்யலன்னு கேளுங்க! வகுப்புல தூங்குறா. இன்னைக்கிச் சொல்லிக் குடுத்தா நாளைக்கி ஞாபகம் இல்ல. கேள்வி கேட்டா கொப்பியத் தூக்கி வீசுறா. போன கிழமை கணக்கு மிஸ்ஸப் பார்த்து 'வாய மூடு'ன்னு சொல்லியிருக்கா. நுணலும் தன் வாயால் கெடும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

பழமொழிக்குப் பிறகு அதிபர் கொஞ்சம் நிறுத்தினார். தமிழ்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம், அதிலும் தன் தமிழ்மேல். அச்சடித்த சான்றிதழ் என்பதே அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. ஒவ்வொன்றையும் அவரே உட்கார்ந்து எழுதுவார். பரிசளிப்பு விழாவில் அவரே வாசிப்பார், கைதட்ட இடம் விட்டு.

"இவ இப்பிடி இல்லீங்க சேர். ஏழாம் வகுப்புல மூணாம் பிள்ளையா வந்தவ. நெட்போல் மெச்சுல தலையில அடிபட்டுச்சே, அதுக்குப் பொறகுதான். முதல்ல ஒண்ணுமே தெரியல. தலவலின்னு சொல்லுவா, அவ்வளவுதான். மூணு நாலு மாசம் போகப் போகத்தான் இந்தக் கோவமும் மறதியும். வீட்டுல தம்பியப் போட்டு அடிக்கிறா. அடிச்சிட்டு அவளே உக்காந்து அழுறா."

"ஃபோன் பார்க்கிறாளா?"

"எங்க வீட்டுல பட்டன் ஃபோன் சேர்."

"அப்ப டீவி." அதிபர் விடுவதாயில்லை.

"மாத்தளை ஆஸ்பத்திரியில டொக்டர் தலைய ஸ்கேன் படம் புடிச்சுப் பார்த்தாருங்க. வெளிக்காயம் ஆறிரிச்சு, உள்ளுக்குப் பட்டது ஆற நாளாகும்னாரு. இது திமிர் இல்லையாம், அடிபட்டதால வந்த வருத்தமாம். வகுப்புலயே வெச்சு மெதுமெதுவாப் படிக்க வைக்கணுமாம். எங்க, எப்பிடி அடிபட்டுச்சுன்னு பள்ளிக்கூடத்துல ஒரு கடிதம் கேட்டாரு."

கடிதம் என்றதும் அதிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலுமாரியிலிருந்து சம்பவப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இந்தா, பாருங்க. போன வருஷம் நடந்தது எல்லாம் இருக்கு. ஆறாம் வகுப்புக்குக் குளவி கொட்டினது இருக்கு. தண்ணி டேங்கில பூனை விழுந்தது இருக்கு. உங்க மக விழுந்தது எங்க இருக்கு? நடக்காதத எழுதிக் குடுக்க நான் என்ன பொய்யனா?"

பூனைக்கு இருந்த யோகம் சர்மிளாவுக்கு இல்லை.

"நீங்களும் அங்கதானே சேர் நின்னீங்க!"

"நின்னேன். அதனாலதான் சொல்றேன், ஒரு கீறல்கூட இல்ல. வளர்ப்பு சரியில்லன்னா ஒத்துக்கணும். பள்ளிக்கூடத்து மேல பழியப் போடக் கூடாது."



"அம்மா, இன்னைக்கி நெட்போல் பிராக்டிஸ் இருக்கா?" என்று கேட்டாள் சர்மிளா.

அவள் பந்தைத் தொட்டு ஒரு வருஷம். பஸ்ஸில் வரும்போதே இதை மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

"இல்லடா தங்கம்," என்றாள் சுந்தரம்மா, நாலாவது தடவையாக.

"பார்த்தீங்களா, என்ன நடிப்பு!" என்றார் அதிபர்.

சுந்தரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"சரிங்க சேர், கையெழுத்து வைக்கிறேன். அதுக்கு முந்தி இத ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. என் புள்ள நல்ல புள்ளன்னு நீங்களே எழுதிக் குடுத்தது. எனக்கு அவ்வளவா வாசிக்க வராது. உங்க வாயால கேட்டா மனசு ஆறும்."

பார்த்தார். அவருடைய கையெழுத்து, அவருடைய தமிழ். மனுஷன் சும்மா இருப்பாரா? கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். தொண்டையைச் செருமினார்.

"'வலய வலைப்பந்து இறுதியாட்டத்தில், இரும்புக் கம்பத்தில் தலை மோதி, மூர்ச்சையுற்று வீழ்ந்தும்...'"

குரல் நல்ல ஏற்றத்தில் போனது.

"'...வைத்தியசாலையை நாடாது, அதிபரின் வீர அழைப்பிற்கு எழுந்து, இருமுறை வாந்தியெடுத்தும் தளராது, இரு கோல்கள் போட்டு, வெற்றிக் கிண்ணத்தை வென்று தந்த மறத்தமிழ்ச் செல்வி...'"

கைதட்ட இடம் விடும் இடம் அது. யாரும் தட்டவில்லை. அப்போதுதான் தான் வாசித்தது அவர் காதிலேயே விழுந்தது. பின்னால் கண்ணாடி அலுமாரிக்குள் அந்தக் கிண்ணம் பளபளவென்று இருந்தது.

தாளை அவசரமாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"இதுல... ஒரு சின்னப் பிழை இருக்கு. திருத்தித் தாரேன். இங்கேயே இருக்கட்டும்."

சுந்தரம்மா எழுந்தாள். விடுகைப் பத்திரத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"புள்ள நாளைக்கி வழக்கம்போல வருவா சேர். நீங்களா உண்மையச் சொல்லுவீங்களான்னு பார்க்கத்தான் கடிதம் கேட்டேன்."

"அந்தச் சான்றிதழ்..."

"அது கலர் ஃபோட்டோ கொப்பிங்க, வெச்சிக்கோங்க. ஒரிஜினல நேத்தே டொக்டர் ஃபைல்ல கோத்துட்டாரு. அடிபட்டத இதவிடத் தெளிவா எந்த அதிபரும் எழுதிக் குடுத்ததில்லன்னு உங்க தமிழ ரொம்பப் பாராட்டினாரு!"