பானைக்குள் ஒட்டிய கரி

"அது வெறும் சமையல் பானைதான், நல்லா தேய்ச்சுக் கழுவிடு" என்று யாரோ சொல்லிக்கொண்டே போனது, அகழாய்வுக் கூடத்து மேஜையிலிருந்த உடைந்த பானை ஓட்டின் காதில் விழுந்தது. பழங்கால மாயா இன மக்களின் வீடொன்றின் அடுப்படியிலிருந்து அதைத் தோண்டி எடுத்திருந்தார்கள்.

"குளிச்சா நல்லதுதானே?" என்றது பக்கத்தில் பஞ்சில் படுத்திருந்த பச்சைக்கல் மணி. அது அரசனின் கல்லறையிலிருந்து வந்தது. "உள்ள எவ்வளவு கரி, பாரு."

"கரி இல்ல. மக்காச்சோளம். தோல் கழலுறதுக்காகச் சுண்ணாம்புத் தண்ணியில வெந்துகிட்டிருந்தது. பிள்ளை விழுந்து அழுதான். அம்மா அடுப்பை விட்டுட்டு ஓடிட்டா."

"அடிப்பிடிச்சிருச்சா?"

"நல்லாவே. எல்லாரும் அதையே சிரிச்சுக்கிட்டு சாப்பிட்டாங்க. அப்புறம் எவ்வளவு சுரண்டியும் இது போகல. அவங்களோடதுன்னு எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

"எங்க ராஜா என்ன சாப்பிட்டார்னுகூட எனக்குத் தெரியாது" என்றது மணி.

கழுவுகிற பெண் பிரஷை வாளியில் நனைத்துக்கொண்டு ஓட்டை எடுக்க வந்தாள்.

மணி பஞ்சிலிருந்து உருண்டு, ஓட்டின் குழிவுக்குள் போய் விழுந்தது.

பதறிப்போய் அதை எடுக்கக் குனிந்தவள், கரியில் ஒட்டியிருந்த சோளத்தோலைப் பார்த்தாள். பிரஷைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஆய்வுக்கு அனுப்ப ஓட்டைக் கழுவாமலே மெல்லிய காகிதத்தில் சுற்றினாள்.