பாறை உச்சியிலிருந்து வந்த விலை

கல் வியாபாரி டங்கானா பாறை உச்சிக்கு ஏறி, போனைக் காதில் வைத்தான். கீழே லித்தியம் கல் உடைக்கும் பெண்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் குடியிருப்பில் சிக்னல் எட்டுவது அங்கே மட்டும்தான். பாறை ஏற யாராலும் முடியும். லாஃபியா டவுனில் கல் வாங்கும் கிடங்கின் நம்பர் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

கையை ஆட்டினான். நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, அவ்வளவுதானா?" என்று கீழே கேட்கும்படி கத்தினான்.

மறுமுனையில் யாருமில்லை. அவன் நம்பரையே அழுத்தவில்லை. பொய் விலை சொல்லப்போகிறவன் உண்மை விலையைக் கேட்டு எதற்குக் காசை வீணாக்க வேண்டும்? போன வாரம் டன் எட்டு லட்சம் நைரா. அது தெரிந்தால் போதும்.

இந்த ஒரு லோடு நன்றாகப் போக வேண்டும். லாரியை ஒரு மாட்டு வியாபாரியிடம் அடகு வைத்துத்தான் கொள்முதல் பணம் புரட்டியிருந்தான். சறுக்கினால் லாரி போய்விடும். மறுபடி தகரச் சுரங்கக் குழியில் மண் சுமக்க வேண்டும். சுமந்த தழும்பு இன்னும் தோளில் இருந்தது.

இறங்கி வந்து மாமரத்தடியில் உட்கார்ந்தான்.

"லித்தியம் செத்துப்போச்சுக்கா."

கூட்டத்தில் மூத்தவளான தலாத்து முகத்தில் படிந்த கல்தூசியைத் துடைக்கக்கூட இல்லை. "போன வாரம் உசுரோடதானே இருந்துச்சு?"

"சீனாவுல பேட்டரி காரு விக்கலையாம். லாகோஸ் துறைமுகத்துல கல்லு மலையா குவிஞ்சு கெடக்காம். டாலர் வேற இறங்கிடுச்சு, நைராவுல கணக்குப் போட்டா இன்னும் கம்மி. வல்லாஹி, அல்லா மேல சத்தியமா, டவுன்லயே டன் அஞ்சு லட்சம்தான். நான் நாலு தரேன்."

"டாலர் ஏறுனப்ப எங்களுக்கு ஏத்திக் குடுத்தியா?" என்றாள் கூட்டத்திலிருந்த கண்டே. "இறங்குனா மட்டும் எங்க ஞாபகம் வருதோ?"

"அவன் பாறை மேலதான்டி ஏறுவான், விலையில ஏற மாட்டான்!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். தலாத்து சிரிக்கவில்லை. "நாங்க பொறுத்திருந்து விக்கிறோம். கல்லு என்ன, அழுகியா போயிடும்?"

அவன் பயந்தது இதற்குத்தான். அடுத்த பொய்யை எடுத்துவிட்டான்.

"பொறுத்திருங்க. மாசக் கடைசியில சுத்திகரிக்காத கல்லை வெளிநாட்டுக்கு அனுப்பவே தடை வருதாம். அப்புறம் அதை வெச்சு நீங்க சுவருதான் கட்டணும்."

சிரிப்பு நின்றது. பெண்கள் ஒதுங்கிப் போய்க் குசுகுசுத்தார்கள். தலாத்து திரும்பி வந்தாள்.

"நாலரை. இல்லேன்னா லாரியை எடு."

சலித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். பயம் நன்றாகவே வேலை செய்தது. விலை ஏறட்டும் என்று கட்டிலடியில் பதுக்கியிருந்த கல், வேலிக்கு முட்டுக்கொடுத்திருந்த கல், கோழிக்கூட்டின் மேல் பாரத்துக்கு வைத்திருந்த கல் எல்லாம் வந்து சேர்ந்தது. புரட்டிய பணம் கடைசி நோட்டுவரை தீர்ந்தது. கிளம்பும்போது தலாத்து ஒரு சுரைக்குடுவை நிறையக் கம்பங்கூழ் கொடுத்தாள்.

"குடிச்சிட்டுப் போ. பாவம், நீயும் என்ன பண்ணுவ?"

வழிநெடுக டங்கானா பாட்டுப் பாடினான். டன்னுக்கு மூன்றரை லட்சம் லாபம். லாரி மீண்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டான்.

கிடங்கில் கணக்குப் பார்க்கும் ஓச்சே, சோதனைக் கருவியைக் கல்லில் வைத்துப் பார்த்தான்.

"நல்ல கல்லுண்ணே. ஆனா நேரம் சரியில்ல. சீனாவுல காரு விக்கல. துறைமுகத்துல கல்லு குவிஞ்சு கெடக்கு. டாலரும்..."

டங்கானா விழுந்து விழுந்து சிரித்தான். "தம்பி, இந்தக் கதையை நான் காலையிலயே சொல்லி முடிச்சிட்டேன். இதெல்லாம் கல்லு விக்க வர்றவங்ககிட்ட சொல்லு."

"நீங்கதானேண்ணே விக்க வந்திருக்கீங்க?"

ஓச்சே சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த விலைப்பலகையைக் காட்டினான். சாக்பீஸ் எழுத்து இன்னும் புதிதாக இருந்தது: டன் மூன்று லட்சம் நைரா.

மாமரத்தடியில் அவன் கூசாமல் அளந்துவிட்ட ஐந்து லட்சப் பொய், உண்மையைவிட இரண்டு லட்சம் தாராளமாக இருந்தது.