முகம் கொடுக்காத கணவன்

"பாத்தியா, மறுபடியும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்!"

பார்லர்காரம்மா மருமகளின் தொடையில் தட்டிச் சொன்னார். ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஹேர் டிரையர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. கை சிகிச்சை நிபுணரின் காத்திருப்பு அறை முழுக்கக் கேட்டது.

"அத்தை, மெதுவா..."

எதிர் வரிசையில் ஒரு கணவனும் மனைவியும். அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் கறுப்புப் பட்டை. முழங்கையால் அவனை இடித்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். தோளைத் தட்டினாள். அவன் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தான். அவள் ஒரு பட்டையைப் பிரித்துவிட்டு, விரல்களால் காற்றில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் கண்ணையே மூடிக்கொண்டான்.

அப்போதுதான் பார்லர்காரம்மாவுக்கு விஷயம் புரிந்தது.

"அடப்பாவி! அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காது போல. கையாலதான் பேசுது. அதைக்கூடப் பாக்க மாட்டேங்கிறானே!"

"என்ன சண்டையோ, நமக்கெதுக்கு அத்தை?"

"எதுக்கா? கைக்கு ஒண்ணுன்னா என்ன பாடுன்னு எனக்குத் தெரியும்."

அது உண்மைதான். கத்தரிக்கோல் பிடித்தே காய்த்த கை அவருடையது. முதலில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறினார். தைலம் தேய்த்தார். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே வைத்தியமும் சொல்லிக்கொண்டார். ஒருநாள் வாடிக்கையாளரின் காதோரம் கத்தரிக்கோல் நழுவி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் வந்தார். மணிக்கட்டுக்குள் நரம்பு போகிற வழி இறுகி, நரம்பை நசுக்குகிறதாம். கார்பல் டனல் என்று பெயர் சொன்னார்கள். பட்டை, ஊசி என்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டதால் சின்னதாக ஓர் ஆபரேஷன். இது மூன்றாவது மாதம். மரப்பு போய்விட்டது, பழைய பிடிதான் இன்னும் வரவில்லை.

எதிரே அந்தப் பெண் கைகளை மடியில் போட்டுக்கொண்டு தலைகுனிந்தாள்.

பார்லர்காரம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மருமகள் சேலையைப் பிடித்து இழுத்ததையும் கவனிக்காமல் எழுந்துபோய், அவள் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ சொல்லும்மா. நான் பாக்கிறேன்." தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. மறு கைப் பட்டையும் கழன்றது. இரண்டு கைகளும் பறந்தன. யாரோ ஒரு குண்டு ஆள், ஒரு படிக்கட்டு, ஒரு சறுக்கல் என்கிற அளவுக்குத்தான் பார்லர்காரம்மாவுக்குப் பிடிபட்டது. அதனாலென்ன? யார் என்ன கதை சொன்னாலும் தலையாட்டுவது அவர் தொழிலில் பாதி. "ம்... அப்புறம்?" என்று புருவத்தை உயர்த்திக்கொண்டே இருந்தார்.

நடுவில் அவள் நிறுத்தி, விரல்களை உதறிக்கொண்டாள்.

"பரவால்ல, மெதுவாச் சொல்லு. எனக்கொண்ணும் அவசரமில்லை."

பத்து நிமிஷம் போனது. பார்லர்காரம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. கையோடு அந்தப் புருஷனுக்கும் நாலு வார்த்தை சொல்லிவிடலாம் என்று திரும்பினார்.

"ஏன் தம்பி, வழியில போற எனக்கே இவ்வளவு புரியுது. கட்டின பொண்டாட்டி பேசுறதைப் பாக்க உனக்கு என்ன கேடு?"

அவன் அப்போதும் மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

"பாக்கணும்னுதாம்மா இருக்கு. மூணு வாரமாச்சு அவ பேச்சைப் பாத்து."

"பின்னே?"

"அவ காது கேக்காத பிள்ளைங்களுக்கு டீச்சர். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்துல பேச்சு, சாயங்காலம் என்கிட்ட பேச்சு. ரெண்டு மணிக்கட்டும் போச்சு. ஆறு வாரம் பட்டையைக் கழட்டாம ஓய்வு கொடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்படியே விட்டா கட்டைவிரல் சதை இளைச்சுப்போயிடுமாம். அப்புறம் அவ பேச்சு குழறும். அவ சொல்றது பிள்ளைங்களுக்குப் புரியாது."

"அதுக்காக? பட்டையைப் போட்டுக்கிட்டே நாலு வார்த்தை பேசட்டுமே. இல்லேன்னா போன்ல தட்டட்டும்."

"போன்ல தட்டுறதும் இதே கைதானேம்மா? பட்டையோட பேசுறது, வாய் நிறையத் தண்ணியை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்காம். நான் பாக்கிறேன்னு தெரிஞ்சா உடனே கழட்டிடுவா. 'நான் பேச ஆரம்பிச்சா என்னைப் பாக்காதே'ன்னு முதல் நாள் அவளேதான் சொன்னா. மறுநாளே அவளே ஏமாத்த ஆரம்பிச்சுட்டா. பெரிய வாயாடிம்மா அவ."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கண் கலங்கியிருந்தது.

பார்லர்காரம்மா ஆபரேஷன் செய்த தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். இதற்குள் அந்தப் பெண் அவர் முழங்காலைத் தட்டி, விரல்களை ஒருமுறை உதறிக்கொண்டு, அடுத்த கதைக்குத் தயாரானாள்.

அவன் எழுந்து, கழற்றிப் போட்ட பட்டைகளைத் தரையிலிருந்து பொறுக்கினான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க இடத்துக்குப் போயிடுறீங்களா? நீங்க பாத்துக்கிட்டிருக்கிற வரைக்கும் அவ நிறுத்த மாட்டா."