தொடக்கூடாத கட்டை

"திமிரைப் பாத்தீங்களா மாமா?" அவள் கடிதத்தை மேஜை மேல் எறிந்தாள். "அந்தக் கீபோர்டுக்காரர் பாட்டுக்கெல்லாம் அனுமதி தர்றாராம். ஆனா ரெண்டு கண்டிஷனாம்."

வயர் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'ஒன்று: இத்துடன் அனுப்பியிருக்கும் சிந்தசைசர் ஒலியை எல்லாப் பாட்டிலும் சேர்க்க வேண்டும். இரண்டு: அந்த ஒலியை வாசிக்கும்போது ரெண்டரைக் கட்டையை மட்டும், பாட வருகிற எவரும் தொடக்கூடாது.'

"ரெண்டரைன்னா உங்கப்பாவாச்சேம்மா!"

ஆமாம். அப்பா கடைசிவரை ரெண்டரைக் கட்டை சுருதியில்தான் பாடினார். குழுவில் அவருக்குப் பெயரே ரெண்டரைதான். குழு என்றால் பெரிய கும்பலெல்லாம் இல்லை. பாட அப்பா, வாசிக்கக் கீபோர்டுக்காரர். கிட்டார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. மூன்று சிந்தசைசர்களும், அவற்றின் வயர்களைச் சிக்கெடுக்க இந்த மாமாவும். அதை வைத்துக்கொண்டே ஊரையே ஆட வைத்தார்கள்.

அந்தப் பாட்டுகளை இப்போது பன்னிரண்டு இளம் பாடகர்கள் அவரவர் பாணியில் பாடித் தருகிறார்கள். சவுண்ட் இன்ஜினியரான மகள் அவற்றை அப்பாவுக்கு அஞ்சலி ஆல்பமாகத் தொகுக்கிறாள்.

"அப்பா செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு. இன்னும் அவர் கட்டையைக்கூட யாரும் தொடக்கூடாதாம்!"

"கல்நெஞ்சக்காரன்மா அந்த ஆளு."

"எனக்குப் பத்தாவது பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்துச்சு. 'அவரைத் துரத்திட்டேன், இனி இந்தக் குழுவுக்கு அவர் தேவையில்லை'ன்னு பேப்பர்ல பேட்டி குடுத்தார். அந்த ஏக்கத்துலதான் அப்பாவுக்குத் தொண்டைல நோயே வந்துச்சு. பரீட்சை முடிஞ்ச மறுநாள் ஆபரேஷன். திரும்பி வரவே இல்ல."

"துக்கத்துக்கு ஏதோ பெட்டியும் கையுமா வந்தானே!"

"வாசல்லயே கதவைச் சாத்தினேன். அப்புறம் வந்த கடுதாசியெல்லாம் பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன்."

"நல்லா செஞ்சே."

வேறு வழியில்லை. மெட்டெல்லாம் கீபோர்டுக்காரருடையது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒலியைக் கண்டிஷனோடு பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினாள்.

பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

முதல் பாட்டில், இரண்டாவது வரி முடிந்ததும் யாரோ மூச்சு இழுத்தார்கள். பாடகன்தான் என்று நினைத்து அவன் குரலை நிறுத்திப் பார்த்தாள். குரல் நின்றது. மூச்சு நிற்கவில்லை.

அடுத்தது ஒரு பெண் பாடியது. அதிலும் அதே மூச்சு. மூன்றாவதில் இன்னும் குரல் சேர்க்கவில்லை, வெறும் வாத்தியம். அதிலும் இருந்தது. இடது காதுக்குப் பக்கத்தில் நின்று, பாட ஆரம்பிக்கப் போகிற மாதிரி இழுத்து, பாடாமலே நிறுத்திக்கொண்டது.

"மாமா, இதைக் கொஞ்சம் கேளுங்க."

மாமா ஹெட்போனை மாட்டினார். உடனே கழற்றித் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, எனக்குப் பின்னால யாராவது நிக்கிறாங்களா?"

பின்னால் ஸ்டுடியோவின் பஞ்சு ஒட்டிய சுவர்தான் இருந்தது. பட்டப்பகல். இருந்தும் அவள் எழுந்து எல்லா விளக்கையும் போட்டாள்.

இரைச்சலைத் துடைப்பது அவளுக்குக் கைவந்த கலை. மூச்சைத் துடைத்தாள். பாட்டு சுத்தமாயிற்று. ஆனால் அறையிலிருந்து யாரோ எழுந்து போய்விட்ட மாதிரி ஒரு வெறுமை. தாங்க முடியாமல் பழையபடி மாற்றினாள்.

"எல்லாத்துலயும் பொதுவா இருக்கிறது அவர் அனுப்பின சத்தம் மட்டும்தான், மாமா."

அதைச் சிந்தசைசரில் ஏற்றி, ஒரு கட்டையை அழுத்தினாள். மூச்சு. அடுத்த கட்டை. வேறொரு மூச்சு. ஒன்று நீளம், ஒன்று பெருமூச்சு, ஒன்றில் அடக்கிய இருமல். கட்டைக்கு ஒன்று.

"மனுஷ மூச்சு மாமா இது."

"ஐயோ, ஆஃப் பண்ணிடும்மா! நமக்கெதுக்கு?"

அவள் விரல் ரெண்டரைக் கட்டை மேல் வந்து நின்றது.

"தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கானே!"

"பாட வர்றவங்கதானே தொடக்கூடாது?" என்றாள் வீம்பாக. "நான் பாடவா வந்தேன்?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. பாட வருகிற எவரும்.

அழுத்தினாள்.

யாரோ அழுதுகொண்டே பேசினார்கள். கீபோர்டுக்காரரின் குரல்.

"மூச்செல்லாம் பதிவாயிடுச்சுடா. இனிமே நீ இல்லாம எவனும் நம்ம பாட்டைப் பாட முடியாது. இந்த ஒரு கட்டை உன் பொண்ணுக்கு. பேசு."

அவள் பதறி விரலை எடுத்தாள். குரல் பட்டென்று அறுந்தது. மாமாவின் முகம் வெளுத்திருந்தது.

அதே கட்டையை மீண்டும் அழுத்தினாள். மறுபடி அதே அழுகை, அதே வார்த்தைகள். இந்தத் தடவை விரலை எடுக்கவில்லை.

ஒரு மூச்சு. அப்புறம், கரகரத்து, பாதி காற்றாகவே வந்த இன்னொரு குரல். உலகத்தில் ஒரே ஒருவர் அவளைக் கூப்பிட்ட பெயர்.

"சுண்டெலி... நாளைக்கு உனக்குக் கடைசிப் பரீட்சை. அதுக்கு மறுநாள் எனக்கு ஆபரேஷன். அப்புறம் பேச்சே வராதாம். மூணு மாசமா என் குரல் போயிட்டிருக்கு. அம்மாவும் இல்லாத பொண்ணு, நான் ஏன் பாடப் போகலைன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவே..."

இருமல். அவள் கட்டையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அவனைத் திட்டாதே, கண்ணு. நீ பயத்தோட பரீட்சை எழுதுறதை விட, அவன் மேல கோவத்தோட எழுதினாலும் பரவாயில்லைன்னு, 'துரத்திட்டேன்னு பேட்டி குடுடா'ன்னு அவன் கால்ல விழுந்தது நான்தான்."