பெத்தம்மாள் ஊக்கு

“பொண்டாட்டி தாலியில கெடக்குற ஊக்கை வாங்கி வண்டி செக் பண்ற மெக்கானிக்கை எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?”

பக்கத்து டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த பேச்சு மகாலட்சுமியின் காதில் விழுந்தது. ராஜபாளையத்தில் வண்டி எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் கடையில் அவளுக்குக் கவுன்டர் வேலை. இன்ஜினீயரிங் படித்தவள். பேசுவதென்றால் கூச்சம். கேட்பதற்குக் கூச்சமே கிடையாது.

பேசியவர் முத்துப்பாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர். சிரித்தவர் ராக்கப்பன், அந்தப் பள்ளியின் வேன்களைக் கவனிக்கும் மேனேஜர். அந்த மெக்கானிக் பால்சாமியோ மகாலட்சுமிக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பால்சாமிக்கும் அது கேட்காமல் இருந்திருக்காது.

“பேக் புரோப் பின் இருக்கா தாயி?” என்றார்.

மகாலட்சுமி மூன்று செட் எடுத்து வைத்தாள். கனெக்டரின் முதுகுப் பக்கமாக, வயரை ஒட்டி நுழைக்கிற மெல்லிய ஊசிகள். வயரில் ஓட்டை போடாமலே கரண்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துவிடலாம்.

“இத்தனை நாள் எதை வச்சுண்ணே பாத்தீங்க?”

“அதான் அங்கன சொல்லுதாகளே. வீட்டை ஒட்டித்தான் ஷெட்டு. ‘ஏட்டி, ஊக்கு’ன்னு கையை நீட்டுவேன். பெத்தம்மா கழட்டிக் குடுப்பா. திருப்பிக் குடுக்க மறந்துருவேன். இப்ப அவ கழுத்துல தாலி மட்டுந்தான் மிச்சம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டீக்கடைப் பேச்சில் மீதியையும் கேட்டிருந்தாள். திங்கள்கிழமை வேன் பிக்கப் இல்லாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. இருபத்திரண்டு பிள்ளைகள் பரீட்சைக்குப் போகவில்லை. ‘என் ஊக்கு போட்ட ஓட்டைதான்’ என்று பால்சாமியே ஒத்துக்கொண்டாராம். ஆறு வேனையும் வேறு ஷெட்டுக்கு மாற்றும் கடிதம் ராக்கப்பனின் சட்டைப் பையில் தயாராக இருந்தது. பிரின்சிபாலின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“ஓட்டை வழியா ஈரம் போனா உள்ள செம்பு பச்சை பிடிச்சு அரிச்சுரும்ணே. உங்களுக்குத் தெரியாதா?” அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு பேசியது.

“தெரியும் தாயி. அதான் வந்துட்டேன்ல. இந்த வேனெல்லாம் போனாப் போகட்டும், மத்த வண்டிகளுக்கு வேணும்ல?”

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வேனிலிருந்து வெட்டி எடுத்த பழைய கனெக்டர், நாலு விரல் நீள வயர்களோடு.

“இதுல போட்டுப் பாத்து எடுத்துக்கிடுதேன்.”

முதல் ஊசியை நுழைத்தவர் பாதியிலேயே உருவிவிட்டார்.

“இது குண்டு. உள்ள இருக்கிற டெர்மினலை அகட்டி விட்டுரும். பொறவு லூசாகி, இல்லாத கோளாறெல்லாம் வரும்.”

இரண்டாவது, தொட்டதும் வளைந்தது. “இது பல்லு குத்தத்தான் ஆகும்.”

மூன்றாவது ரப்பர் ஓரமாக வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அசைத்துப் பார்த்தார். கனெக்டரைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். மறுபடி உருவி, மறுபடி நுழைத்தார்.

இத்தனை பார்ப்பவரா கண்ட இடத்தில் ஊக்கைக் குத்தியிருப்பார்?

மகாலட்சுமி அப்போதுதான் அந்த வயரைச் சரியாகப் பார்த்தாள். அதில் ஊக்கு போட்ட ஓட்டையே இல்லை. ஒரு பச்சை வயரின் தோலை யாரோ பிளேடால் சீவியிருந்தார்கள். சீவின இடத்தில் நூல் மாதிரி ஒரு சிவப்பு வயரைச் சுற்றியிருந்தார்கள்.

“இது ஆக்சிலேட்டர் பெடலுக்குப் போற வயர்தானேண்ணே? இதுல எதுக்கு இந்த ஒல்லி வயர்?”

“அதைப் பாக்காத தாயி. நீ ஊசியைப் பாரு.”

அவள் வெளியே பார்த்தாள். கடை வாசலில் அவர்கள் மூவரும் வந்த அதே வேன் நின்றது. முன் கண்ணாடிக்குப் பின்னால் அய்யனார் படம். சுற்றிலும் சீரியல் பல்பு. அதன் சிவப்பு வயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இது நீங்க செஞ்சது இல்ல.”

“மெதுவாப் பேசு.” பால்சாமி பெஞ்சுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “சாமி பல்பு எரிய டிரைவர் பெடல் வயர்ல கை வச்சான்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக. எனக்காச்சும் ஷெட்டு இருக்கு. அவனுக்கு அந்த ஸ்டீயரிங் மட்டுந்தான். ஊக்கு மெக்கானிக்குன்னு எனக்கு ஏற்கெனவே பேரு இருக்கு, அதுலயே சேத்துவிட்டுட்டேன்.”

“அவர் உங்களைத்தானே அங்க உக்காந்து கேலி பண்றாரு?”

“பயம் தாயி. பயந்தவன் வாய் சும்மா கெடக்காது. அவனுக்கு இன்னும் தெரியாது, நான் இதைப் பாத்தது.”

“என்ன பால்சாமியண்ணே, பொண்ணு பாக்கவா வந்தீக? மேனேஜர் கெளம்பச் சொல்லுதாரு.”

முத்துப்பாண்டி டீ கிளாசோடு வாசலில் வந்து நின்றார். அடுத்த கேலிக்கு வாயைத் திறந்தவர், கவுன்டரில் கிடந்த கனெக்டரைப் பார்த்தார். சிவப்பு வயரைப் பார்த்தார்.

பால்சாமி உள்ளங்கையால் அதை மூடினார்.

“போலே, போய் டீயைக் குடி. செத்த நேரத்துல வாரேன்.”

முத்துப்பாண்டி பால்சாமியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளாசில் டீ ஆடை கட்டியது.

பால்சாமி மூன்றாவது செட்டை மகாலட்சுமி பக்கம் நகர்த்தினார். “இதைப் பில் போடு தாயி. அப்படியே ஒரு அட்டை ஊக்கும் எங்கயாச்சும் வாங்கணும். வீட்டுல கடன் இருக்கு.”

அவள் பில் புத்தகத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் முத்துப்பாண்டி இல்லை.

வேனுக்குள் ஏறியிருந்தார். அய்யனாரைச் சுற்றியிருந்த சீரியல் பல்பைச் சரசரவென்று பிடுங்கினார். அதைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, டீக்கடைக்குப் போய், ராக்கப்பனின் டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார்.