பெட்டியில் ஒரு ஓட்டை

"வெளிய வாங்க அங்கிள்! வந்து உங்க வேலை லட்சணத்தப் பாருங்க!"

ஜோகூரின் தெப்ராவில் இருந்த அந்தக் கார் ஆடியோ கடை வாசலில் தன் சாகா காரைக் குறுக்கே நிறுத்தி, பின்பக்க மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினான் ரூபேந்திரன்.

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய, பாஸ் அதிர வைக்கும் இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கர்கள். அவற்றுக்குப் பலகைப் பெட்டி செய்து, காரின் பின்னால் பொருத்திக் கொடுத்தவர் கடைக்காரர் வாலண்டைன்.

அன்றைக்கே அந்த மனுஷன், "ஒண்ணு போதுமே தம்பி, எதுக்கு ரெண்டு?" என்று இழுத்தார். வாங்க வந்தவனிடம் சிக்கனம் பேசும் வியாபாரியை ரூபேந்திரன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

பாட்டைப் போட்டால் நெஞ்சுக்குள் இடிக்க வேண்டாமா? இது முனகியது. ஞாயிற்றுக்கிழமை கார்களோடு கூடும் நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ரூபன், உன் காடிக்குள்ள யாருக்கு லா வயித்து வலி? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!"

அவமானம் பிடுங்கித் தின்றது. வாலண்டைனிடம் ஓடி வந்தான். அவர் ஸ்பீக்கர் இரண்டையும் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, பெட்டியைக் கடைசிவரை தள்ளி வைத்தார். "இப்படி வச்சாத்தான் தம்பி பாஸ் கூடும்" என்றார். கூடவில்லை. இன்னொரு தடவை வந்தான். மூலை முடுக்கெல்லாம் சிலிக்கான் பசையைப் பிதுக்கி அடைத்தார். அப்போதும் அதே முனகல்தான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு இன்று காலை ஸ்கூடாயில் வேறொரு கடைக்குப் போனான். அந்தக் கடை முதலாளி கையில்தான் குட்டு உடைந்தது.

"ஸ்கூடாய் தவுக்கே என்ன செஞ்சாரு தெரியுமா? சாமி மேடையிலேருந்து ஒரு ஊதுபத்திய எடுத்துட்டு வந்து பெட்டியச் சுத்திக் காட்டினாரு. பாட்டு ஓடுது, இந்த மூலையில மட்டும் புகை பிச்சுக்கிட்டுப் பறக்குது! கார்ப்பெட்ட உரிச்சுப் பார்த்தா ஓட்டை! என் விரலே உள்ள போகுது அங்கிள்!"

வாலண்டைன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார்.

"பலகை பொளந்ததுன்னு மட்டும் சொல்லாதீங்க. டிரில் போட்டு, உப்புத்தாள் வச்சு வழவழன்னு தேச்சு, மேல கார்ப்பெட்ட ஒட்டி மறைச்சிருக்கு."

"ஆமா தம்பி. நான்தான் போட்டேன்."

ஒரு பொய்யாவது சொல்லுவார் என்று சண்டைக்குத் தயாராக வந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அலமாக்! எத்தன பேரு காடில இப்படிப் போட்டிருக்கீங்க?"

"நான் செஞ்ச பெட்டி எல்லாத்துலயும் இருக்கும்."

"அப்பத்தான நாங்க திரும்பத் திரும்ப இங்க வருவோம்? நல்லா இருக்கு அங்கிள் உங்க பிசினஸ்!"

ரூபேந்திரன் கைப்பேசியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதோ லைவ் ஓடுது. இப்பச் சொல்லுங்க, ஜோகூர் முழுக்கக் கேக்கட்டும். நாளையிலேருந்து உங்க கடைக்கு ஒரு ஈ காக்கா வராது."

ஏற்கெனவே அங்கே ஈ மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. கோபக்காரன் கண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"போட்டுக்கோ தம்பி. உன் காசு முழுசையும் திருப்பித் தந்துடுறேன்" என்றார் வாலண்டைன். "ஆனா அந்த ஓட்டைய மட்டும் அடைக்காத. உன்னக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

"கேட்டுக்குங்க மக்களே! காசையும் தருவாராம், ஓட்டையையும் அடைக்கக் கூடாதாம்! மனுஷன் மண்டையில ஏதோ கழண்டு போச்சு!"

கல்லாவில் உட்கார்ந்திருந்த வாலண்டைனின் மனைவி அமலோற்பவம் எழுந்து வெளியே வந்தார். ரூபேந்திரன் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினான்.

"ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க. காத்து போகாம ஒரு பெட்டி செய்யத் தெரியாதவருக்கு எதுக்கு இந்தத் தொழில்?"

"அமலு, வேணாம். உள்ள போ" என்றார் வாலண்டைன்.

அமலோற்பவம் போகவில்லை. கணவரின் தோளில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"அவருக்கா தெரியாது? எங்க மகன் ஆலன், காத்துகூட வெளிய போகக் கூடாதுப்பான்னு ஆசையா கேட்டான். ஊசி முனை அளவு இடம்கூட விடாம பெட்டிய அடைச்சுக் குடுத்தாரு. அவன் காடில பாட்டு இடி மாதிரி இடிச்சுச்சு. பெக்கோக் ரோட்டுல பிரேக் பிடிக்காத லாரி ஒண்ணு, ஹார்ன அமுக்கிக்கிட்டே பின்னால வந்துச்சு. முன்னால போன காடி அத்தனையும் ஒதுங்கிருச்சுப்பா. எங்க புள்ளைக்கு மட்டும் அந்தச் சத்தம் கேக்கல."